நாற்பது சுற்று

ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறது
ரெஜிபோம் பெட்டி.
உள்ளே ஐஸ், ஐஸுக்குள் குழாய்,
குழாயில் புவிதரனின் விடிகாலைச் சிறுநீர்.
மூடியில் எழுதிய பெயர் ஈரத்தில் கரைந்து
‘தரன்’ மட்டும் மிச்சம்.

பேராதனையில் பனி இன்னும் ஜன்னலை விட்டு எழும்பவில்லை.
நான் மூச்சை அடக்கித்தான் மூடி திறப்பேன்.
ஆர்.என்.ஏ. அவ்வளவு சீக்கிரம் செத்துப்போகும்.
வெறும் விரல் பட்டால் போதும்,
ஒரு செல் என்ன சொல்ல வாயெடுத்தது என்பது
யாருக்கும் தெரியாமல் போகும்.

சிறுநீரகம் அக்கா தவமலருடையது.
பதினான்கு மாதமாய் அவன் இடுப்புக் குழியில்.
ஏழு பேர்ச் காணி யார் பேரில் என்று
அதற்கும் முன்பே பேச்சு நின்றுவிட்டது.
கையெழுத்துப் போட வந்த அன்றும்
அவன் கட்டிலைத் தாண்டி
சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

தட்டில் தொண்ணூற்றாறு கிணறு,
ஒவ்வொன்றும் நாலு அரிசி கொள்ளும்.
ஒன்றில் வெறும் தண்ணீர்.
அது கடைசிவரை ஊமையாய் இருக்க வேண்டும்.
பேசினால் என் கை சுத்தமில்லை.

தொண்ணூற்றைந்து பாகைக்கு ஏறும், அறுபதுக்கு இறங்கும்,
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று இரண்டாகும்.
கிரான்சைம் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினால்
உள்ளே கத்தி தீட்டுகிறார்கள்.
இங்கே மட்டும்
பிந்தி வருவதுதான் நல்ல சேதி.

போன தை மாதம் இருபத்துநாலிலேயே தாண்டியது.
கிரியேட்டினின் அப்போதும்
ஒன்றுமறியாத முகத்தோடு இருந்தது.
டாக்டர் மருந்தைக் கூட்டினார்.
சகிப்பு என்று எழுத இன்னும் நாளிருக்கிறது;
இப்போதைக்கு இது
மாத்திரை காவல் நிற்கிற அமைதி.

பதினொரு மணிக்குத் தொலைபேசி.
“அது எப்படி இருக்கு?”
அவன் இல்லை. அது.
முடிவை நான் சொல்லக்கூடாது.
“டாக்டரைக் கேளுங்க.”
அவள் வைக்கவில்லை.
பின்னால் கொழுந்து நிறுக்கிறார்கள்,
பதினேழு, பதினேழரை என்று யாரோ கத்துகிறார்கள்.

திரையில் இருபத்தொன்பது. முப்பது.
கோடு இன்னும் தரையோடு கிடக்கிறது.

“மழையில நனையாம இருக்கச் சொல்லுங்க.”
“அவரையா?”
கொஞ்ச நேரம் தராசுச் சத்தம் மட்டும்.
“அதை.”

முப்பத்துமூன்று.
தண்ணீர்க் கிணறு
இன்னும் வாய் திறக்கவில்லை.