இடது கால்

விவாகரத்துப் பத்திரத்தில் எல்லாம் இருந்தது.
படகு அவனுக்கு. ஏரிக்கரைக் குடிலில்
ஜூலை எனக்கு, ஆகஸ்ட் அவனுக்கு.
காபி இயந்திரத்துக்குக்கூட ஒரு வரி.
எல்லாம் பாதி பாதி என்றார் வக்கீல்.
கால் மட்டும் கணக்கில் விட்டுப்போயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது கடினம்.
பின்லாந்தில், எங்கள் வடகோடிப் பல்கலைக்கழகத்தில்,
சேர்ந்த முதல் இலையுதிர் காலத்திலேயே
ஆலைத் தொழிலாளி மாதிரி ஒரு ஓவரால் தைத்து வரும்.
துறைக்கு ஒரு நிறம்.
இயந்திரவியல், நாங்கள் கறுப்பு.
வேதியியல், கண்ணைக் குத்தும் மஞ்சள்.
துவைக்கக் கூடாது என்பது சட்டம்.
அழுக்குப் போக வேண்டுமா,
போட்டுக்கொண்டே ஏரியில் குதி.
எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம்,
அதனாலேயே ஒருவரும் மீறியதில்லை.

பிறகு, யாரையாவது பிடித்துப்போனால்
முழங்காலுக்குக் கீழே வெட்டி
மாற்றிக்கொள்வது.

இல்போவும் நானும் வெட்டியது
மே தினத்துக்கு முந்தின இரவு,
விடுதிச் சலவை அறையில், ரொட்டிக் கத்தியால்.
தூண்டில் நரம்பு கோத்து
இரண்டையும் நானே தைத்தேன்.
அளந்து பார்க்கத் தோன்றவில்லை.
அவன் நெட்டை, நான் அவன் தோளுக்கும் கீழே.
மஞ்சள் கால் என் பின்னால் தரையில் இழுபட்டது.
கறுப்புக் கால் அவன் கெண்டைக்காலோடு நின்றுபோயிற்று.
அந்த வருஷம் நான் உருண்ட படிகளுக்கு
எண்ணிக்கை இல்லை.

இப்போது சங்கத்துக்கு ஐம்பதாம் ஆண்டு விழா.
அழைப்பிதழில் 'ஓவரால் கட்டாயம்' என்று அடிக்கோடு.
நிலவறைக் கம்பிக்கூண்டிலிருந்து எடுத்தேன்.
இருபத்தேழு வருஷத்துத் தார், பீர்,
யாருடையது என்று தெரியாத ஒரு சொட்டு ரத்தம்.
இடுப்பில் ஜிப் ஏறவில்லை.

சைமி சிரித்தாள்.
என் மகளும் அங்கேதான், மூன்றாம் ஆண்டு.
அவள் ஓவராலில் இருக்கும் நீலக் கால்
அறைத்தோழி எஃபுவாவுடையது.
"காதலிச்சாத்தான் வெட்டணும்னு யாரு சொன்னா?"
யாரும் சொல்லவில்லை.
நாங்களாக அப்படி வைத்துக்கொண்டோம்.

நகவெட்டியால் தையலைப் பிரித்தேன்.
நரம்பு லேசில் அறுபடவில்லை.
தைத்த கைக்கு
அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது.
மஞ்சள் காலை மடித்து மளிகைப் பையில் போட்டு,
ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம்
உள்ளே போடும் கம்பளிக் கால்சட்டை தெரிய,
பேருந்து ஏறினேன்.
இந்த ஊரில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.
அன்று பார்த்தார்கள்.

மண்டபத்தில் நானூறு பேர், எல்லா நிறமும்.
பெஞ்சின்மேல் ஏறிப் பாடிய பொடியன்கள்
நாங்கள் பிசகிய அதே வரியில் பிசகினார்கள்.
பாட்டோடு சேர்ந்து
பிசகும் கைமாறி வந்திருக்கிறது.

ஜன்னலோரம் இல்போ, மஞ்சளில், வழுக்கையோடு.
என் கறுப்புக் கால் அவன் காலில்.
விளிம்பில் ஒரு புது ஒட்டு, சீரான தையல்.
படகுக்குச் சாயம் பூசும்போது
பக்கத்து வீட்டு நாய் கடித்ததாம்.
"படகுக்குச் சாயம் பூசவா இதைப் போடுவாய்?"
"வேறு எதற்குப் போடுவது?"

பையை நீட்டினேன்.
எட்டிப் பார்த்தான், வாங்கவில்லை.
"கொடுத்த காலைத் திரும்ப வாங்குகிற வழக்கம் இல்லை"
என்றான், விதிப்புத்தகம் கையில் இருக்கிற மாதிரி.
கொஞ்சம் கழித்து,
"இருபத்தேழு வருஷமா இடது கணுக்கால்ல குளிர்.
உன்னால."

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.
எதை என்று அவன் கேட்கவில்லை.

பச்சை ஓவராலில் ஒரு முதலாண்டுப் பையன்
என் அரைக்காலைப் பார்த்து மரியாதையாக விசாரித்தான்,
நீங்கள் எந்தத் துறை?
இல்போ தன் காலைப் பார்த்தான்.
நான் பையைப் பார்த்தேன்.

உடைமாற்றும் அறையில் ஊசி இல்லை.
யாரோ எட்டு ஊக்கு தந்தார்கள்.
மஞ்சளை மறுபடி மாட்டினேன்,
இந்த முறை அடியில் ஒரு சாண் உள்ளே மடித்து.
இழுபடாமல் நடக்க வருகிறது.
அங்கங்கே குத்துகிறது.