மூன்றாவது புகார்

காற்று பிறந்த ஊர் என்பார்கள் லியபாயாவை.
பிறந்ததும் அது முதலில் வருவது
எங்கள் சமையலறை ஜன்னலின்
விரலிடுக்கு வழியாகத்தான்.
ஊற்றிய மெழுகு அந்தப் பக்கம் மட்டும்
அவசரமாய் ஆறி, கண்ணாடியை விட்டு விலகி
ஈரம் பட்டதுபோல் திட்டுத் திட்டாய் நின்றது.
பழைய துண்டை மடித்து இடுக்கில் செருகினேன்.
தீர்ந்தது.
கப்பல் எஞ்சினுக்கென்று வைத்திருந்த நோட்டில்
குறை, காரணம், செய்தது, தேதி
என்று கோடு போட்டு எழுதினேன்.
"இது டீசல் இல்லை" என்று சிரித்தாள் இங்கூனா.
எரிவதெல்லாம் எனக்கு ஒன்றுதான்.

டிசம்பர் சந்தையில் முப்பத்திரண்டு குவளை விற்றாள்.
சோயா மெழுகு, பைன் வாசனை.
ஒன்றே ஒன்று திரும்பி வந்தது.
மூன்றாம் மாடி ஸ்கைத்ரீதே
பணிவாய்த்தான் சொன்னாள்:
"வாசனையே இல்லை."

நூற்றுக்கு ஆறு பங்கு தைலம் எட்டாயிற்று.
"இன்னும் இல்லை."
எட்டு, பத்தாயிற்று.
பிடித்தது சனி.
மெழுகு குடித்தது போக மிச்சத் தைலம்
மேலே முத்து முத்தாய் வியர்த்தது.
திரி தன் குளத்திலேயே மூழ்கி
கடுகளவு நீலம் காட்டி அணைந்தது.
மறுபடி ஏற்றினால்
நடுவில் கிணறு வெட்டிக்கொண்டு இறங்கியதே தவிர
ஓரத்து மெழுகைத் தொடவில்லை.
திரியை ஒரு எண் தடிமனாக்கினோம்.
சுடர் எழுந்தது, கூடவே கரி.
நுனியில் காளான் பூத்தது,
குவளையின் கழுத்து கறுத்தது.
அரிசி நீளத்துக்கு நறுக்கிப் பார்த்தோம்.
இன்னும் தடித்த திரி போட்ட இரவில்
கண்ணாடி அடியில் 'டிக்' என்றது,
மேசை விரிப்பில் மெழுகு நடந்து போனது.

நோட்டில் பதினோரு பக்கம்.
ஒவ்வொரு குறையும் போகும்போது
அடுத்ததற்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டே போயிற்று.
ரொட்டியில் பைன், தலையணையில் பைன்.
துறைமுகத்தில், கிரீஸ் வாளிக்குப் பக்கத்தில் நின்ற கஸ்பார்ஸ்
"எந்தக் காட்டில் படுத்தாய்?" என்று கேட்டான்.

"மன்னிக்கவும்,
வாசனையே இல்லை."

பட்டறையில் ஓடும் எஞ்சின் கடலில் ஓடாவிட்டால்
கப்பலுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.
கத்தரிக்கோலும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டு
மூன்று மாடி ஏறினேன்.

கதவு திறந்ததும் முகத்தில் அறைந்தது
தீய்ந்த பால்.
அடுப்புக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு
அவள் சொன்னாள்:
"உட்காருங்கள், காபிக்குப் பால் வைத்திருக்கிறேன்."

எரிவாயுவை மூடினேன்.
பாத்திரத்தின் கறுப்பைப் பார்த்த பிறகுதான்
அவளுக்குத் தெரிந்தது.
எனக்குத் தெரிந்தது என்பதும்.
"பிப்ரவரிக் காய்ச்சலிலிருந்து" என்றாள்,
ஜன்னலைத் திறந்தபடி.
"திரும்பி வரும் என்றார் டாக்டர்.
பைன் வலுவானது அல்லவா?
அதில் தொடங்கும் என்று நினைத்தேன்."

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்து, மூடினேன்.

மறுநாள் அவள் சமையலறைக் கூரையில்
புகைமணி ஒன்றைத் திருகினேன்.
வாயு கசிந்தால் கத்தும் கருவியை
அடுப்புக்கு அருகே.
அதைச் செய்ய எனக்குத் தெரியும்.
இங்கூனா இரண்டு நாள் யோசித்தாள்.
பிறகு பஞ்சுத் திரியை ஒதுக்கிவிட்டு
செர்ரி மரத்தை அட்டை மெலிவுக்குச் சீவி
குவளை நடுவில் நிறுத்தி ஊற்றினாள்.
தைலம் ஒரு சொட்டும் இல்லை.
ஏற்றினால்
உறைபனி மேல் யாரோ மெல்ல நடப்பதுபோல்
நொறுக், நொறுக்.

ஸ்கைத்ரீதே தலையைச் சாய்த்து
காதைக் கொடுத்தாள்.
சொல்ல ஒன்றும் இல்லை அவளுக்கு.
குவளையை மட்டும் தன் பக்கமாய் நகர்த்திக்கொண்டாள்.

அன்று இரவே தொலைபேசி.
"பத்து நிமிஷம் பேசியது,
பிறகு வாயை மூடிக்கொண்டது.
என்னவென்று பாருங்கள்!"
குரலில் நிஜமான கோபம்.

பன்னிரண்டாம் பக்கம்.
குறை: மரத்திரி அணைகிறது.
காரணம்: நீளம் கூடுதல்; உச்சிக் கரி உதிர்க்கவில்லை.
செய்தது:

கத்தரிக்கோலை எங்கே வைத்தேன், இங்கூனா?