ஃப்ரீவீல் உறைந்த காலை

பெடல் சுற்றுகிறது. செயின் சுற்றுகிறது.
பின்சக்கரத்துக்கு மட்டும்
தகவல் போய்ச் சேரவில்லை.

ஔலு நகரம். பிப்ரவரி. காலை ஆறேகால்.
மைனஸ் இருபத்தேழு.
ஆற்றுப்பாலத்தின் நடுவில்
நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருக்கிறேன்,
மாவு போடாத தொட்டியில்
ஓடும் இயந்திரம் போல.

காரணம் தெரியும்.
போன வாரம் நானே அப்பிய கிரீஸ்.
"இந்தக் குளிருக்கு மெல்லிய எண்ணெய்தான்" என்று
கடையில் ஹில்க்கா சொன்னாள்.
வீட்டில் பாதி டப்பா மிச்சம் இருந்தது,
வீணாக்க மனசில்லை.
உள்ளே நகக்கண் அளவில் இரண்டு கொக்கிகள்
எழுந்து பல்லைப் பிடிக்க வேண்டும்.
கிரீஸுக்குள் படுத்துவிட்டன.

பையில் ரை ரொட்டி,
அடுப்பிலிருந்து வந்து இருபது நிமிடம்.
சிரிக்காதீர்கள்.
மண்டியிட்டு அதை ஃப்ரீவீலில் ஒற்றிப் பார்த்தேன்,
காய்ச்சல்காரன் நெற்றியில் துணி வைப்பது போல.
ரொட்டிதான் ஆறியது.

என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாருடைய டயரும்
ஆணிப்பற்களால் பனிக்கட்டியைக்
கறுக் கறுக்கென்று மென்றுகொண்டு போயிற்று.
மணி அடித்தார்கள். ஒதுங்கினேன்.

பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் நின்றான்.
முதுகில் ஹாக்கி மட்டை,
மட்டையில் ஒட்டிய பட்டையில் பெயர்: தௌகோ.
முகமூடிக்கு வெளியே
இமைமயிர் மட்டும் வெள்ளையாக.
கேள்வி எதுவும் கேட்கவில்லை.
தன் மட்கார்டைப் பிடித்திருந்த
மூன்று பிளாஸ்டிக் பட்டைகளைப்
பல்லால் நெம்பிக் கழற்றினான்.
என் பெரிய பல்சக்கரத்தையும்
ஸ்போக்ஸ் கம்பிகளையும் சேர்த்துக் கட்டி இறுக்கினான்.

"இனி நிறுத்தாம மிதிங்க.
நிறுத்தினா செயின் தளர்ந்து
கியரைப் பிடுங்கிடும்."

"சிக்னல்ல?"

யோசித்தான்.
"பச்சையாப் பாத்துப் போங்க."

ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன்,
கறுப்புப் பல்தடம் பதியாத பாதியை.
அவன் கைநீட்டியது மற்றதற்கு.
நண்பர்களிடம் காட்ட வேண்டுமாம்.

பாலம் முடிந்ததும் சுரங்கப்பாதைக்கு ஓர் இறக்கம்.
ஒன்பது குளிர்காலமாக
அங்கே கால்களை ஓயவிட்டு வருவேன்.
டிக்டிக்டிக் என்று ஃப்ரீவீல் பேசும்.
எட்டு விநாடி.
அந்த எட்டு விநாடியில்
அடுத்த மாத வாடகை நினைவுக்கு வந்ததில்லை,
முதலாளி வெய்க்கோவின் முகம் வந்ததில்லை.

இன்று இறக்கம் என்னை மிதித்தது.
சக்கரம் ஓட ஓட முட்டிகள் தறிகெட்டு ஏறி இறங்க,
தையல் இயந்திரத்தில்
காலை மாட்டிக்கொண்டவள் போல
கத்திக்கொண்டே கீழே போனேன்.
சுரங்கம் கத்தலைத் திருப்பிக் கொடுத்தது.
எதிரே வந்த அஞ்சல்காரர்
வணக்கம் என்று நினைத்துத் தலையசைத்தார்.

வீட்டு நடையில் சைக்கிளைச் சாய்த்தேன்.
மதியம் எழுந்து பார்க்கையில்
அதன் அடியில் ஒரு சிறு குளம்.
கத்தரியால் ஒரு பட்டையை வெட்டினேன்.
இரண்டாவதையும்.
மூன்றாவதை விட்டுவைத்துச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினேன்.
அசையவில்லை, பெடலும் சேர்ந்து வந்தது.
வெட்டினேன்.

டிக்.
கொஞ்சம் யோசித்து, டிக்டிக்.

ஜன்னலுக்குக் கீழே பாதையில்
பள்ளி விட்டுத் திரும்புகிறவர்கள்.
எந்த மட்கார்டு லொடலொடவென்று ஆடுகிறதென்று
கத்தரியோடு நின்று கேட்கிறேன்.
நாலைந்து ஆடுகின்றன.