மூலத்துக்கு ஒப்பானது

யாஷ் நகரத்தில் டிராம் திரும்பும் முனையில்
இரண்டாம் மாடி.
பலகையில் ஸ்மாராந்தா கவ்ரிலெஸ்கு,
சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு நாற்பது லெய். முத்திரைக்குத் தனி.

செப்டம்பரில் வருவார்கள்.
ஊஜ்தாவிலிருந்து, ஸ்ஃபாக்ஸிலிருந்து,
கனத்த கோட்டு இன்னும் வாங்காத பிள்ளைகள்,
பிளாஸ்டிக் உறைக்குள் தங்கள் பத்தொன்பது வருடங்களோடு.
பிறப்புச் சான்று. தடுப்பூசி அட்டை.
குற்றமேதும் செய்ததில்லை என்று ஒரு தாள்.
மதிப்பெண்கள்.
அப்போஸ்டில் இல்லாததைத் திருப்பிவிடுவேன்,
அழுதாலும்.

ஒரு தகப்பன் தொலைபேசியில் கேட்டார்:
அத்தனை வருடம் படித்துத் திரும்பி வந்தால்
இந்தப் பட்டம் எங்கள் ஊரில் செல்லுமா?
தெரியாது என்றேன். அங்கே ஒரு தேர்வு இருக்கலாம்,
தேர்வுக்கு முன் ஒரு மனு இருக்கலாம்.
நான் செய்த பிரமாணம் சொற்களுக்கு மட்டும்.
அறை வாடகை கேட்டார். அது தெரியும், சொன்னேன்.
ஜனவரியில் அறையைச் சூடாக்கும் செலவு
வாடகையை எட்டிப் பிடித்துவிடும் என்பதைச் சொல்லவில்லை.
அதை யாரும் கேட்பதில்லை.

இந்தப் பிப்ரவரியில் என் கடைவாய்ப்பல்.
கீழே, இடப்பக்கம்.
தனியார் மருத்துவர் சொன்ன தொகைக்கு
ஒரு மாதம் சாப்பிடலாம்,
பல் இருந்தால்.
பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனேன்.
மாணவர்கள் கை பழகும் இடம், அதனால் மலிவு.

அங்கே வாய்களுக்குப் பஞ்சம்.
நான்காம் வருடத்தில் இத்தனை வேர்ச்சிகிச்சை,
இத்தனை பல் பிடுங்கல் என்று கணக்கு உண்டு;
ஆளைத் தாங்களே தேடிக் கொண்டுவர வேண்டும்.
உள்ளூர்ப் பிள்ளைக்கு மாமா இருக்கிறார், அத்தை இருக்கிறாள்,
எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார்,
எல்லோர் வாயிலும் சொத்தை இருக்கிறது.
கடல் தாண்டி வந்தவனுக்கு
டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் சொந்தம்.

முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்.
சட்டைப்பையில் பெயர்: அனுவார் செர்ஹூனி.
ஐந்து செப்டம்பர்களுக்கு முன்
இந்தப் பெயரின் கீழ் முத்திரை குத்தியிருக்கிறேன்.
தத்துவத்தில் இருபதுக்குப் பதினேழு.
வேதியியலில் பதினொன்று.
வாயை அகலத் திறந்துகொண்டிருக்கையில்
அது என் நினைவுக்கு வந்திருக்க வேண்டாம்.

எங்கள் மொழியில் வலிக்கிறது என்பதற்குத் துவாரெ.
தோர் என்றால் ஏக்கம்.
இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்போல் இருக்கும்,
பயத்தில் யாருக்கும் மாறிப்போகும்.
கண்ணாடியை நாக்கின் மேல் வைத்துக்கொண்டு
மிக மரியாதையாகக் கேட்டான்:
அம்மா, உங்களுக்கு எங்கே ஏக்கமாக இருக்கிறது?

அடுத்த நாற்காலியின் பெண் சிரித்துவிட்டாள்.
இருபத்திரண்டு வருடத் தொழில் எனக்கு,
மூன்று மொழி, ஒரு முத்திரை.
கன்னத்துக்குள் பஞ்சு.
ஆ, என்றேன்.
ஆஆ.
பிறகு விரலால் காட்டினேன். கீழே, இடப்பக்கம்.

சரியான பல்லைத்தான் தட்டினான்.
அங்கியின் உள்மணிக்கட்டில் பேனாவால் சின்னச் சின்னதாக
ஏதோ அரபியில் எழுதி வைத்திருந்தான்.
தலைகீழாகத்தான் படிக்க முடிந்தது:
துப்புங்கள். மெதுவாகக் கடியுங்கள். மரத்துவிட்டதா?
அதில் வலி என்ற சொல் இல்லை;
அது தெரியும் என்று நினைத்திருப்பான்.
ஊசி போட்ட கை நடுங்கவில்லை.
பதினொன்றை அதன்பின் நான் நினைக்கவில்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன்.
பழக்கதோஷம், கைப்பைக்குள் முத்திரையைத் தேடினேன்.
அந்தச் சொல்லைத் திருத்தியிருக்கலாம்.
உதடு மரத்திருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

வாசல்வரை வந்தான்.
உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது
பிடுங்க வேண்டிய பல் இருக்குமா?
மார்ச்சுக்குள் இன்னும் நான்கு வேண்டும்.

திரும்பும் டிராமில்,
பாதி முகம் என்னுடையதல்லாமல்,
எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் தாடைகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.