அலுமாரிக்குப் பின்னால்

குளிர் வராமலிருக்கத்தான் ஒட்டினோம்,
படிப்பதற்கில்லை.
ரொட்டிக்கு வைத்த மாவில் ஒரு பிடி எடுத்து
புஷ்பராணி பசை காய்ச்ச,
மஸ்கெலியா சலூனில் வாங்கி வந்த பழைய பேப்பரை
காம்பராச் சுவர் முழுக்க ஒட்டினேன்,
போன மாரியில்.

இப்போது டிலுக்ஷிக்கு ஆறு வயது.
தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரோரம் நின்று
எழுத்து எழுத்தாய்ப் பொறுக்குகிறாள்,
கூடையில் விழுந்த முற்றலை
அவள் தாய் பொறுக்குவது போல.
"மரண அறிவித்தல்" என்று கத்திவிட்டுச் சிரிக்கிறாள்.
"சிமெந்து" என்கிறாள். "மணமகள் தேவை" என்கிறாள்.
பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைக்கிறார்கள்.

புஷ்பராணி நாலாம் வகுப்புவரை போனவள்.
அடுப்படியிலிருந்தே, திரும்பாமல்,
"அழுத்திச் சொல்லு, அது ற" என்பாள்.
எனக்கு அதுவும் தெரியாது.
மேல் வரி எட்டாதபோது தோளில் தூக்கிக்கொள்வேன்.
வரி முடிந்தால்
என் காதைப் பிடித்து இடப்பக்கம் திருப்புவாள்.

செவ்வாய் ராத்திரி ஒரு கதையில் மாட்டிக்கொண்டாள்.
நாவலப்பிட்டி ஸ்டேஷனில் இறங்கிய ஒரு பெண்
தகரப்பெட்டியைத் திறக்கிறாள், உள்ளே –
அதோடு அலுமாரி.

"உள்ளே என்னாப்பா?"
காலையில பாப்போம் என்றேன்.
கவ்வாத்து வெட்டி வந்த தோள். மணி ஒன்பது.
"உள்ளே என்னா?"
புஷ்பராணி ஏற்கனவே
அலுமாரி மேலிருந்த சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

நகர்த்தினோம். கரப்பான்கள் ஓடின.
காணாமற்போன சீப்பு, ரெண்டு ரூபாய்க் காசு,
ஈரத்தில் கறுத்த சுவர்.
அடுத்த தாள் இருந்தது, முழுசாய்,
தலைகீழாய்.

ஒட்டியது நான்.
படம் போட்ட பக்கமென்றால் தெரிந்திருக்கும்,
தலை மேலே, கால் கீழே.
இதில் எழுத்து மட்டும்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
டிலுக்ஷி கழுத்தை வளைத்துப் பார்த்தாள்.
பிறகு இரண்டு கையையும் தரையில் ஊன்றி,
"காலப் பிடிங்கப்பா" என்றாள்.

பிடித்தேன்.
இரண்டு கணுக்காலும் என் ஒரு கைக்குள் அடங்கின.
புஷ்பராணி போன் வெளிச்சத்தைத் தாழ்த்தினாள்.
முகத்தில் ரத்தம் ஏற ஏற
வெ லி ம டை
உ ரு ளைக்
கிழங்கு கிலோ...

"பெட்டிக்குள்ள கிழங்கா?" என்றான் சின்னவன், கட்டிலிலிருந்து.

இல்லை. அது வேறு தாள்.
கதையின் மிச்சம்
யார் வீட்டு ரொட்டியைச் சுற்றிப் போனதோ.

அலுமாரி இன்னும் நடுக் காம்பராவில்தான் நிற்கிறது,
சுற்றிக்கொண்டு போகிறோம்.
பெட்டிக்குள் கம்பளி என்கிறாள் புஷ்பராணி.
சின்னவன் கிழங்கை விடுவதாயில்லை.
டிலுக்ஷி ஒருவரையும் நம்பவில்லை.

சம்பளத்தன்று சலூனுக்குப் போனேன்.
"சுவருக்கா அண்ணே?"
"வாசிக்க."
கட்டை வாங்கிக்கொண்டு
படி இறங்கியவன் திரும்பி ஏறினேன்.
"தம்பி, இதில மேல்பக்கம் எது?"

அவன் சிரிக்கவில்லை.
கத்தியை வைத்துவிட்டு, பேனா தேடி எடுத்து,
ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு புள்ளி வைத்தான்.
நாற்காலியில் ஒருவர்
பாதி முகத்தில் நுரையோடு காத்திருந்தார்.