போத்தல் எண் பதினேழு

றசூக் காக்காவின் பெற்றறிக் கடைப் பின்பக்கத் தண்ணீர்
சாய்ந்தமருதுத் தோணாவுக்குள் விழும் இடத்தில்
சோடாப் போத்தலை அமிழ்த்திக்கொண்டிருந்தேன்.
"என்ன தங்கச்சி, மீன் குஞ்சா?"
"இல்ல காக்கா, ஈயம்."
சிரித்தார்.
ஈயம் அவர் நகக்கண்ணிலும் இருந்தது,
பிளேன்டீக் கோப்பையின் விளிம்பிலும்.

சம்மாந்துறை ஆய்வுகூடத்தின் சாவி என்னிடம்.
கழுவுவதும் நான்.
புத்தகம் பங்கசு என்கிறது,
எங்கள் வீட்டில் அது பூஞ்சணம்.
வெள்ளம் வடிந்த கிழமை
உம்மா எறியச் சொன்ன பாண் துண்டிலிருந்து
ஊசிமுனையளவு எடுத்து விதைத்தேன்.
முதலில் வெள்ளை.
மூன்றாம் நாள்
சுறுமா இட்டுக்கொண்டு எழும்பியது.

பிறகு கொன்றேன்.
நூற்றிருபத்தொரு பாகை, பதினைந்து நிமிடம்.
நடுவில் கறண்ட் போனதால்
இரண்டு முறை கொன்றேன்.
காயவைத்து, இடித்து, அரித்தால்
மிளகுத்தூள்போல் ஒரு கரண்டி.

"செத்ததுதான் நல்லாப் பிடிக்கும்" என்றாள்
காரைதீவுத் தயாளினி.
"பிடிக்கிறது உயிரில்ல, சுவர்."
ஆளில்லாமல் நிற்கும் சுவர் எனக்குத் தெரியும்.
கடலுக்குப் பிறகு
எங்கள் வீதியில் அப்படி ஏழு நின்றன.

மாதிரிகள் இரவு பஸ்ஸில் கண்டிக்குப் போயின.
பதினெட்டாம் நாள் தொலைபேசியில் எண்கள்:
முன்னர் நான்கு தசம் ஒன்று,
பின்னர் தசம் மூன்று.
தயாளினி கத்திய கத்தில்
கூரைப் பல்லி கீழே விழுந்தது.

மிச்சம் எங்கே என்று
அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான் கேட்டேன்.
மிச்சம் தூளில்.
தூள் பதினேழாம் போத்தலில்.
எரித்தால் காற்றுக்கு,
புதைத்தால் கிணற்றுக்கு.
மாநகரசபை வண்டிக்காரர் லேபலைப் படித்துவிட்டு
வண்டியை எடுத்தார்.
"பத்திரமா வை" என்றார் பேராசிரியர்.
வைத்திருக்கிறேன்.

றசூக் காக்கா ஒருநாள் பார்க்க வந்தார்.
"இதில ஈயம் எவ்வளவு வரும்? கிலோவுக்கு நல்ல விலை."
கணக்குப் போட்டேன்:
ஒரு பெற்றறித் தகட்டுக்கு
ஊர் முழுதும் பத்து வருஷம்
பாணைப் பழுதாக்க வேண்டும்.
விழுந்து விழுந்து சிரித்தார்.
போத்தலை வெளிச்சத்துக்கு உயர்த்தினார்.
தூள் உள்ளே தானாக ஆடியது.
"நான் ஆட்டல்ல" என்றார்.
மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தார்.
அப்போதும் ஆடியது.

"ஒரு சிறிஞ்ச் இரத்தம் தருவீங்களா காக்கா?"
சட்டைக் கையை மடித்தபடியே கேட்டார்:
"இதுக்கும் பூஞ்சணம் இருக்குதா?"

பஞ்சை நனைத்தேன்.
நரம்பு நல்ல நரம்பு,
முதல் குத்திலேயே கிடைத்தது.