ஏழாவது பட்டா

திருப்பாலைக்குடி ஸ்டேஷனில்
எங்கள் பீட்டுக்கு ஆறு பட்டா நோட்டு.
நிலத்துக்கான பட்டா இல்லை.
இந்த இடத்தில், இந்த நேரத்தில்
ஒரு போலீஸ்காரன் நின்றான் என்பதற்கு அத்தாட்சி.
கூட்டுறவு வங்கி வாசலில் ஒன்று,
ஐஸ் கம்பெனி கேட்டில் ஒன்று,
சவூதிக்காரர் பூட்டிவிட்டுப் போன மாடி வீட்டில் ஒன்று,
மற்றதெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம்.
பிளாஸ்டிக் உறைக்குள், நூல் கட்டித் தொங்கும்.
ஒரு மணிக்கு ஒரு கையெழுத்து,
மூன்று மணிக்கு இன்னொன்று.

ஒரே நடையில் இரண்டையும் போட்டுவிட்டு
பெட்ரோல் பங்க்கில் படுத்தவர்கள் உண்டு.
மை காட்டிக்கொடுக்கும்:
இரண்டு மணி நேர இடைவெளியில்
ஒரே சாய்வு, ஒரே அவசரம்.
நானும் போட்டிருக்கிறேன்,
மழை நாளில்.
மழை இல்லாத நாளிலும்.

ரோந்து என்றால் சுற்றுவது என்று நினைத்துத்தான் வந்தேன்.
பாதி வேலை நிற்பது.
தினமும் ஒரே வரிசையில் போனால்
கடல் அட்டை மூட்டைக்காரன்
நம்மை வைத்துக் கடிகாரம் திருத்திக்கொள்வான்.
அதனால் ஆறிலிருந்து நாலுக்கு, நாலிலிருந்து ஒன்றுக்கு.
கரைக்கு இறங்குமுன் வண்டியை அணை,
விளக்கை அணை,
கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாதே.
இந்தப் பக்கக் கடலுக்கு அலைச்சத்தம் கிடையாது,
கண்மாய் மாதிரி கிடக்கும்.
அதனால் மற்றதெல்லாம் கேட்கும்:
நங்கூரக் கயிறு முறுகுவது,
ஊர்க்காவல்படை நூர்தீன் பாக்கு மெல்லுவது,
எங்கோ ஒரு பாத்திரம் சுவரில் மோதுவது.

வாடை ஓய்ந்த வாரம்.
மோர்ப்பண்ணைக் கரையில்
ஒதுங்கிய பாசிக் குவியலருகே ஒரு பெண்.
மணி இரண்டேகால்.
டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது,
காலடியில் அடிக்க வேண்டும்.
அடித்தேன்.
ஒரு காலில் மட்டும் செருப்பு.
“காத்து வாங்க வந்தேன் சார்.”
அன்றைக்குக் காற்றே இல்லை.
பெயர் நம்புச்செல்வி.
வலையிலிருந்து நண்டு கழிக்கும் கூலிவேலை.
“புகாரெல்லாம் ஒண்ணுமில்ல.”
உதவி எண்ணைச் சொன்னேன்.
“போனு அவருகிட்ட இருக்கு.”

மறுநாள் வேறு வழியாக வந்தோம். இருந்தாள்.
அதற்கடுத்த நாளும்.
டைரியில் மூன்று நாளும் எழுதியது:
குறிப்பிடும்படி ஏதுமில்லை.

ஏழாவது நோட்டு வேண்டும் என்று கேட்டேன்.
ரைட்டர் மரியதாசன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
“அந்தச் சந்துல என்னய்யா இருக்கு,
பேங்க்கா, நகைக்கடையா?”
படகு எஞ்சின்கள் வாசலில் கிடக்கின்றன,
களவு போக வாய்ப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.
பொய்யில்லை. கிடக்கத்தான் செய்தன.
இன்ஸ்பெக்டர் ஒரு தடவை படித்தார்,
மறுபடி படித்தார்,
என்னைப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.

அவள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் மாட்டினோம்.
முதல் இரவு
வண்டியை அணைக்காமல் நிறுத்தினேன்.
அது முறையில்லை, தெரியும்.
சன்னலில் ஓர் ஆள்.
“என்ன சார், இங்க?”
“பாயிண்ட். தினமும் வருவோம்.”
“எத்தனை மணிக்கு?”
“அது எங்களுக்கே தெரியாது.”
நூர்தீன் இருமினான்.

இரண்டு மாதமாகக் கரையில் யாரும் இல்லை.
உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறாளா,
வெளியே வரவும் பயந்து கிடக்கிறாளா?
கம்பத்தடியிலிருந்து பார்த்தால்
இரண்டும் ஒரே மூடிய கதவு.

நேற்று நோட்டின் நூல் அறுந்திருந்தது.
கீழே விழவில்லை.
யாரோ நைலான் இழையால் திரும்பக் கட்டியிருந்தார்கள்.
நண்டு வலை முடிச்சு,
இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

அப்போது மணி இரண்டு ஐம்பது.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
மூன்று ஆகட்டும் என்று நின்றேன்.